பயோடெக் படிக்கலாமா?

மே மாதம் பிறந்துவிட்டால் போதும், ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே கேள்விதான்: ‘அடுத்து என்ன?’ சித்தப்பா, எதிர்வீட்டு அங்கிள், அப்பாவின் ஆபீஸ் நண்பர் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மெடிக்கல் கிடைத்துவிட்டால் பிரச்னை இல்லை. கிடைக்காதபோதுதான் அந்த வாக்கியம் வரும். ‘டாக்டர் ஸீட்தான் கிடைக்கலை. போகட்டும், அதுக்குப் பக்கத்துல ஏதாவது சேர்த்துடலாம். பயோடெக் இருக்கே!’

இந்தப் ‘பக்கத்துல’ என்ற வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

2024-ல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். இடங்கள் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். மீதிப் பேர் எங்காவது போயாக வேண்டும் இல்லையா? பல் மருத்துவம், சித்தா, கால்நடை, நர்ஸிங், ஃபார்மஸி, வேளாண்மை என்று பலர் பிரிந்து போகிறார்கள். ஒரு பெரிய கூட்டம் பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பயோஇன்ஃபர்மேடிக்ஸ், ஜெனடிக் இன்ஜினீயரிங் என்ற பெயர்ப் பலகைகளின் கீழ் போய் நிற்கிறது. பெயர்களில் ஒரு கவர்ச்சி இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் போட்டாலும் நன்றாக இருக்கும். ஆனால், இந்தப் பெயர்களுக்குப் பின்னால் என்ன சொல்லித் தருகிறார்கள், படித்துவிட்டு எங்கே போவார்கள் என்பதை வங்கியில் நாலு லட்சம் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் அப்பா கேட்பதில்லை. கேட்டாலும் கல்லூரிக்காரர்கள் ‘ஸ்கோப் ஜாஸ்தி ஸார்’ என்பார்கள். ‘ஸ்கோப்’ என்பதற்கு இதுவரை யாரும் சரியான தமிழ் வார்த்தை கண்டுபிடிக்காததில் ஆச்சரியமில்லை.

*

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு நம் நாட்டில் மோசமாக ஆரம்பிக்கவில்லை.

1982-ல் மத்திய அரசு பயோடெக்னாலஜிக்கென ஒரு தேசியக் குழுவை அமைத்தது. 1986-ல் அதைத் தனித் துறையாகவே ஆக்கியது. எண்பதுகளின் நடுவில் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி தொடங்கிய முதல் சில பல்கலைக்கழகங்களில் நம் மதுரை காமராஜரும் ஒன்று. 1987-ல் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பயோடெக்னாலஜி மையம் வந்தது. மதுரை மாதிரி மத்திய அரசு ஆதரவு பெற்ற எம்.எஸ்ஸி.க்கு சின்ன வகுப்பு, அகில இந்திய நுழைவுத் தேர்வு, மாணவர்களுக்கு மாதா மாதம் உதவித்தொகை, லேபுக்குத் தனியாகப் பணம். அங்கே படித்தவர்கள் இன்று உலகத்தின் நல்ல ஆராய்ச்சிக் கூடங்களில் இருக்கிறார்கள்.

பிறகு 2000 ஜூன் 26 வந்தது. மனித ஜீனோமின் முதல் வரைவு தயார் என்று வெள்ளை மாளிகையில் கிளின்டன் அறிவித்தார். மறுநாள் பேப்பர்களில் முதல் பக்கச் செய்தி. ‘ஐ.டி.க்கு அடுத்து பி.டி.’ என்ற கோஷம் பிறந்தது. ஒவ்வொரு சுயநிதிக் கல்லூரியும் கம்ப்யூட்டர் பிளாக்குக்குப் பக்கத்தில் ஒரு பயோடெக் பிளாக் கட்டியது. சாஃப்ட்வேருக்கு நடந்த அதே அதிசயம் இதற்கும் நடக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்தக் கணக்குதான் இடித்தது. எப்படி என்று சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு மாணவன் எழுதிய புரோகிராம் தப்பாகப் போனால் என்ன நஷ்டம்? கொஞ்சம் கரன்ட். அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். ராத்திரி பதினொரு மணிக்கு ஹாஸ்டலில் உட்கார்ந்து நூறாவது தடவையும் எழுதலாம். தப்புச் செய்வது இலவசம். அதனால்தான் நம் பையன்கள், கல்லூரி சுமாராக இருந்தாலும், தாங்களாகவே கற்றுக்கொண்டு மேலே வந்தார்கள்.

பயோடெக்கில் தப்புச் செய்வது இலவசமில்லை. டி.என்.ஏ.வை வெட்டும் என்ஸைம் ஒரு சின்னக் குப்பி ஆயிரக்கணக்கில் விலை. மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடாவிட்டால் அத்தனையும் பாழ். பிப்பெட்டின் பிளாஸ்டிக் நுனியை ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போட வேண்டும். செல் வளர்த்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அதற்குச் சாப்பாடு மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் லீவு என்பதெல்லாம் செல்லுக்குத் தெரியாது. ஒரு மாணவி உருப்படியாக ஒரு வித்தையைக் கற்பதற்குள் பத்துத் தடவை சொதப்ப வேண்டும். அந்தப் பத்துச் சொதப்பலுக்கும் யாராவது பணம் கட்ட வேண்டும். சுயநிதிக் கல்லூரிகள் கம்ப்யூட்டர் படிப்பின் டைம்டேபிளைக் காப்பியடித்தன, ஃபீஸைக் காப்பியடித்தன, வகுப்புக்கு அறுபது பேர் என்பதையும் காப்பியடித்தன. சொதப்பலுக்கான பணத்தை மட்டும் பட்ஜெட்டில் போட மறந்துவிட்டன.

விளைவு? ‘டெமான்ஸ்ட்ரேஷன்.’ ஒரு மெஷின், அதைச் சுற்றி அறுபது பேர். ஆசிரியர் செய்து காட்டுவார். முதல் வரிசைக்குத் தெரியும். இரண்டாவது வரிசைக்கு ஆசிரியரின் முதுகு தெரியும். அதற்குப் பின்னால் இருப்பவர்கள் செல்போன் பார்ப்பார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கல்லூரியில் பி.சி.ஆர். மெஷினுக்கு நம் வீட்டில் மிக்ஸிக்குப் போடுவோமே, அந்த மாதிரி பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்கள். தூசி படாமல் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள், மாணவர்கள் கையும் சேர்த்துத்தான் படவில்லை.

*

பி.சி.ஆர். என்றதும் உங்களுக்கு 2020 ஞாபகம் வரும். மூக்கில் குச்சி விட்டார்களே, அதன் பிறகு நடந்த வேலை அதுதான். கேரி மல்லிஸ் 1983-ல் யோசித்தது, 1993-ல் நோபல் வாங்கியது. தத்துவம் சுலபம். டி.என்.ஏ.வைச் சூடாக்கினால் இரண்டு இழையாகப் பிரியும். கொஞ்சம் ஆறவிட்டால் சின்னத் துண்டுகள் போய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி மிதமாகச் சூடாக்கினால் ஒரு என்ஸைம் மீதியை நிரப்பிவிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். முப்பது சுற்று ஓட்டினால் கணக்குப்படி நூறு கோடியைத் தாண்டும். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதைதான்.

இந்த ஒரு பாராவை நீங்கள் இப்போது புரிந்துகொண்டீர்கள் அல்லவா? நம் இன்ஜினீயரிங் பரீட்சையில் இதை ஒரு காலத்தில் 16 மார்க்குக்குக் கேட்டார்கள். இப்போது 13 மார்க். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, டெம்பரேச்சர் எழுதினால் முழு மார்க். வாழ்நாளில் பி.சி.ஆர். செய்யாத ஒருத்தி இதில் யூனிவர்சிட்டி ராங்க் வாங்கலாம். வாங்குகிறார்கள். நீச்சல் பற்றி 13 மார்க்குக்குப் பிரமாதமாக எழுதியவரைக் கிணற்றில் தள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதைத்தான் ஒவ்வொரு இன்டர்வியூவிலும் கம்பெனிக்காரர்கள் செய்கிறார்கள். ஐந்து மைக்ரோ லிட்டர் எடுத்துக் காட்டு என்று பிப்பெட்டைக் கையில் கொடுத்தால் விரல் நடுங்குகிறது.

2020 ஜனவரியில் நாட்டில் கொரோனா டெஸ்ட் செய்ய ஒரே ஒரு லேப், புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம். ஜூன் மாதக் கடைசிக்குள் ஆயிரம் லேப். அத்தனை லேபுக்கும் உடனடியாக பி.சி.ஆர். தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். இத்தனை வருஷமாக ‘பயோடெக் படிச்சியே, என்ன பிரயோஜனம்?’ என்று கேட்கப்பட்ட பெண்களும் பையன்களும் பி.பி.இ. உடைக்குள் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். அந்த ஆறு மாதத்தில் அவர்களுக்கு வந்த கைப்பழக்கம் நாலு வருஷத்தில் வந்திருக்கவில்லை. பலரை அலை ஓய்ந்ததும் ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள் என்பது தனிக் கதை. படிப்பில் பிரச்னை இல்லை, பிள்ளைகளிடமும் பிரச்னை இல்லை, நடுவில் லேப்தான் காணாமல் போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்தது ப்ராஜெக்ட். கடைசி செமஸ்டரில் மாணவர் தானே ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் கல்லூரியில் வசதி இல்லை, எனவே ‘வெளியில பண்ணிக்கங்க’ என்பார்கள். வெளியில் என்றால் இரண்டு வழி. நிஜமான ஆராய்ச்சிக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்குவது ஒன்று. மாடியில் போர்டு மாட்டியிருக்கும் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டுவது மற்றொன்று. பின்னதில் தலைப்பு, ரிசல்ட், க்ராஃப், பைண்டிங் எல்லாம் பேக்கேஜில் அடக்கம். ஏதோ ஒரு மூலிகைச் சாற்றை எடுத்து ஏதோ ஒரு பாக்டீரியா மேல் விட்டால் அது சாகும், பட்டம் வந்துவிடும். துளசியும் வேப்பிலையும் இந்த மாநிலத்தில் எத்தனை பட்டதாரிகளை உருவாக்கியிருக்கின்றன என்று யாராவது பிஎச்.டி. செய்யலாம்.

*

‘எல்லாம் சரி, பயோடெக்கில் பெரிய ஆளானவர்கள் இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். யார் என்று பாருங்கள்.

பயோகான் கிரண் மஜும்தார் ஷா மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, முடியாமல் பெங்களூரில் விலங்கியல் படித்தவர். ஆமாம், அவருக்கும் டாக்டர் ஸீட் கிடைக்கவில்லை. பிறகு ஆஸ்திரேலியா போய் பீர் காய்ச்சும் தொழில்நுட்பம் படித்தார். இந்தியாவில் ஒரு பெண்ணுக்கு அந்த வேலை தர யாரும் தயாராயில்லை. 1978-ல் ஒரு கார் ஷெட்டில் கம்பெனி தொடங்கி, பப்பாளிப் பாலிலிருந்து என்ஸைம் எடுத்து ஏற்றுமதி செய்தார்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை ஜீன் தொழில்நுட்பத்தில் இந்தியாவிலேயே செய்து 1997-ல் விலையைத் தரைக்குக் கொண்டுவந்த சாந்தா பயோடெக்னிக்ஸின் வரபிரசாத் ரெட்டி எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர். கோவாக்சின் செய்த பாரத் பயோடெக்கின் கிருஷ்ணா எல்லா நம் திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, படித்தது விவசாயம். சிதம்பரத்தில் பிறந்து 2009-ல் நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பிஎச்.டி. முடித்த பிறகு, மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்து உயிரியல் படித்தார். நோபல் கிடைத்ததோ வேதியியலில்.

‘அவர்கள் காலத்தில் பயோடெக் கோர்ஸே இல்லையே, வேறென்ன படிப்பார்கள்?’ என்பது நியாயமான மறுப்பு. ஆனால் இவர்கள் எல்லோரிடமும் ஒன்று இருந்தது. ஏதோ ஒரு அடிப்படைப் பாடத்தை ஆழமாகப் படித்திருந்தார்கள். இன்றைய பி.எஸ்ஸி. பயோடெக் சிலபஸைப் புரட்டிப் பாருங்கள். வேதியியல் கொஞ்சம், கணக்கு கொஞ்சம், தாவரம் கொஞ்சம், விலங்கு கொஞ்சம், கம்ப்யூட்டர் கொஞ்சம், நானோ கொஞ்சம். மினி மீல்ஸ் மாதிரி எல்லாமே ஒவ்வொரு கரண்டி. பசியும் அடங்காது, எது பிடிக்கும் என்றும் தெரியாது.

இன்னொரு நடைமுறைச் சங்கடமும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆசிரியராகலாம் என்றால் அங்கே பாடம் தாவரவியல் அல்லது விலங்கியல். பயோடெக் பட்டம் அதற்கு இணையா, இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் ஓர் அரசாணையைத் தேட வேண்டியிருக்கிறது. பெயரைப் புதிதாக்கினால் பழைய கதவுகள் மூடிக்கொள்ளும் என்பதை யாரும் அட்மிஷன் அன்று சொல்வதில்லை.

*

இப்போது நம் பிள்ளைகள் யாரும் ஆசைப்படாத ஒரு படிப்புக்கு வருவோம். பயிர் இனப்பெருக்கம். புதிய ரகம் உண்டாக்கும் சாஸ்திரம். ‘ஜெனடிக் இன்ஜினீயரிங்’ என்றால் கண் விரிகிறது, ‘பிளான்ட் ப்ரீடிங்’ என்றால் ‘வயல்ல இறங்கணுமா?’ என்கிறார்கள். இறங்கத்தான் வேண்டும்.

நெல்லை ஒட்டுச் சேர்ப்பது எப்படித் தெரியுமா? நெற்பூ காலை ஒன்பது பத்து மணி வாக்கில் கொஞ்ச நேரம்தான் திறக்கும். அதற்கு முன்பே, விடியலிலோ முந்தின நாள் சாயந்திரமோ, ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒன்று மிச்சமிருந்தாலும் வேலை வீண். பிறகு மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். விளைந்த விதையைப் போட்டு, அடுத்த தலைமுறை, அதற்கடுத்த தலைமுறை என்று ஆயிரக்கணக்கான செடிகளிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி, ஆறேழு தலைமுறை கழித்து ஒரே சீராக வந்ததும், பல ஊர்களில் பயிரிட்டுப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய பத்து வருஷம்.

கோவைக்காரர்களுக்கு ஒரு சேதி. உங்கள் ஊரில் 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். கரும்பு கோவையில் தாராளமாகப் பூக்கும் என்பதுதான் காரணம். பார்பர் என்ற வெள்ளைக்காரரும் நம் டி.எஸ். வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பை, காட்டில் தானாக முளைக்கும் நாணல் மாதிரி ஒரு கரும்போடு சேர்த்தார்கள். 1918-ல் கோ 205 வந்தது. வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கி விளைந்தது. அன்றிலிருந்து இன்றுவரை வட இந்தியக் கரும்பு வயல்களில் ‘கோ’ என்று தொடங்கும் பெயர்கள்தான். அந்தக் ‘கோ’ கோயம்புத்தூர். 2009-ல் வெளியான கோ 0238 உத்தரப்பிரதேசத்தில் வயல் வயலாகப் பரவியது. பிறகு அதற்கே செவ்வழுகல் நோய் வந்து, மறுபடி புது ரகம் தேட வேண்டியதாயிற்று. இந்த வேலைக்கு ஓய்வு கிடையாது.

நெல்லிலும் இதே கதைதான். திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம். அங்கே உருவான டி.கே.எம். 6 என்ற ரகம் தண்டுத் துளைப்பானைத் தாங்கும். மணிலா நெல் ஆராய்ச்சிக்காரர்கள் அதை வாங்கித் தங்கள் குட்டை நெல்லோடு சேர்த்ததில் பிறந்ததுதான் 1969-ல் வந்த ஐ.ஆர். 20. உங்கள் தாத்தா விவசாயி என்றால் கேட்டுப் பாருங்கள், சொல்வார். திரூரில் வெயிலில் நின்று மகரந்தம் தூவியவர் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பல நாடுகள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டன.

இந்தப் படிப்பின் மீதும் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. ஒரு ரகத்துக்குப் பத்து வருஷம் ஆகும். எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம், பிஎச்.டி. மூன்று நாலு வருஷம். எந்த மாணவரும் தான் ஒட்டிய பயிர் ரகமாவதைப் பார்த்துவிட்டு வெளியே போவதில்லை. ஏதோ ஒரு தலைமுறையைச் சோதித்து, அட்டவணை போட்டு, தீஸிஸ் எழுதிவிட்டுப் போகிறார்கள். பிறகு பாதிப் பேர் பாங்க் பரீட்சை, சர்வீஸ் கமிஷன் என்று போய்விடுகிறார்கள். அண்ணன் தொடங்கியதைத் தம்பி தொடர்ந்து, தங்கை முடிப்பது மாதிரி ஒரே பயிர்வரிசையை அடுத்தடுத்த மாணவர்களுக்குக் கைமாற்றினால் என்ன? ‘புதுத் தலைப்பு’ வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்பதால் பாதியில் நிற்கும் நல்ல செடிகள் எத்தனையோ.

லேபும் வயலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சாப்பாட்டுத் தட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மளிகைக் கடையில் ‘ஆந்திரா பொன்னி’ என்று வாங்குகிறீர்களே, அது பெரும்பாலும் பாபட்லாவில் பிறந்த சம்பா மசூரி. சாப்பிட அருமை, ஆனால் இலைக்கருகல் நோய் வந்தால் படுத்துவிடும். ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி.யின் மூலக்கூறு விஞ்ஞானிகளும் நெல் ஆராய்ச்சி இயக்ககத்தின் ப்ரீடர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். நோயைத் தாங்கும் மூன்று ஜீன்களை, டி.என்.ஏ. அடையாளம் வைத்து ஒவ்வொரு தலைமுறையிலும் சரிபார்த்து, பழைய முறையிலேயே ஒட்டிச் சேர்த்தார்கள். 2008-ல் புதிய சம்பா மசூரி வந்தது. ருசி அப்படியே, நோய் மட்டும் இல்லை. 2025 மே மாதம் அதே சம்பா மசூரியிலிருந்து ஜீன் திருத்தம் செய்த ‘கமலா’ என்ற ரகத்தை மத்திய அரசு அறிவித்தது. அதையும் கடைசியில் வயலில் நட்டுத்தான் பார்க்க வேண்டும். பயோடெக் மாணவிக்குப் பயிரைப் பார்த்து நோய் சொல்லத் தெரியவில்லை, வேளாண் மாணவனுக்கு டி.என்.ஏ. என்றால் பயம் என்று தனித்தனிக் கட்டடத்தில் வளர்த்தால் அடுத்த சம்பா மசூரியை யார் செய்வது?

*

மனித ஆரோக்கியம் பக்கம் வருவோம். ‘டாக்டருக்குப் பக்கத்தில்’ என்றீர்களே, அது.

ஒரு பெரிய குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பதற்குப் படிப்பு மெடிக்கல் லேப் டெக்னாலஜி. பி.எஸ்ஸி. பயோடெக் வேறு. 2021-ல் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன் அட்டவணையில் லேப் டெக்னாலஜிஸ்டுக்கு ஒரு பெயர், பயோடெக்னாலஜிஸ்டுக்குத் தனியாக வேறு பெயர். ‘எப்படியும் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சுடும்’ என்று நினைத்து பயோடெக் சேர்த்துவிட்டு, நாலு வருஷம் கழித்து ‘டி.எம்.எல்.டி. இருக்கா?’ என்று கேட்கும்போது திகைத்து நிற்கும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அதே சமயம், நிஜமான பயோடெக் நம் ஆஸ்பத்திரிகளுக்குள் வந்துவிட்டது. நோயாளியின் ரத்த அணுக்களையே எடுத்து, ஜீன் மாற்றி, புற்றுநோயைத் தாக்கப் பழக்கித் திரும்ப ஏற்றும் சிகிச்சை ஒன்று, ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கியது, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. வெளிநாட்டில் கோடிகளில் ஆகும் செலவு இங்கே லட்சங்களுக்கு வந்தது. நம் வேலூர் சி.எம்.சி.யில் கடுமையான ஹீமோஃபீலியா உள்ள ஐந்து பேருக்கு ஜீன் சிகிச்சை கொடுத்து, ரத்தக்கசிவு நின்றுபோனதை 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழில் பதிப்பித்தார்கள்.

இந்த மாதிரி சிகிச்சைக்கு டாக்டர் மட்டும் போதாது. தூசியில்லாத அறையில் பல மணி நேரம் நின்று, ஒவ்வொரு படியையும் எழுதி வைத்து, தப்பு நடந்தால் மறைக்காமல் சொல்லி, செல்களை வளர்க்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். அந்தப் பையில் இருப்பது ஒரு குழந்தையின் உயிர். இதை ப்ராஜெக்ட் சென்டர் பைண்டிங்கில் கற்க முடியாது. என் கோபமெல்லாம் இதுதான். வேலை ஒரு பக்கம் காத்திருக்கிறது, பட்டதாரி ஒரு பக்கம் காத்திருக்கிறார், நடுவில் கைப்பழக்கம் என்ற ஒரே ஒரு பாலம் கட்டப்படவில்லை.

கல்லூரிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் இடங்கள் வருஷக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. கெஸ்ட் லெக்சரருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் அவரால் தன் குடும்பத்தையே ஓட்ட முடியவில்லை, லேபை எங்கே ஓட்டுவது? கெமிக்கல் வாங்க மூன்று கொட்டேஷன் வாங்கிக் கையெழுத்தாகி வருவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடுகிறது. ஆகவே, அறுபது பேரை இருபதாகக் குறைக்கலாம். ஒரு மாவட்டத்தில் ஐந்து கல்லூரி சேர்ந்து ஒரே நல்ல லேபை வைத்துக்கொள்ளலாம். ஒரு செமஸ்டரை ஆராய்ச்சிப் பண்ணையிலோ மருந்துக் கம்பெனியிலோ கழிக்கச் சொல்லலாம். எழுத்துத் தேர்வில் பாதி மார்க்கைச் செய்முறைக்குக் கொடுக்கலாம். எதுவும் ராக்கெட் சமாசாரம் இல்லை.

*

சரி, அதெல்லாம் நடக்கும்வரை நீங்கள் என்ன செய்வது? படிக்கவே கூடாதா? தாராளமாகப் படிக்கலாம், நல்ல இடத்தில். ஃபீஸ் கட்டுமுன் நேரில் போய் இதையெல்லாம் கேளுங்கள்.

ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், எத்தனை பிப்பெட்? கடந்த வருஷம் கெமிக்கலுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்? போன வருஷ மாணவர்கள் எங்கே ப்ராஜெக்ட் செய்தார்கள், கல்லூரிக்குள்ளா வெளியிலா? பாடம் நடத்துபவர்களில் எத்தனை பேர் நிரந்தரம்? படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் இந்தத் துறையிலேயே இருக்கிறார்கள்? ‘ப்ளேஸ்மென்ட் 90 சதவிகிதம்’ என்றால், எதில் என்று கேளுங்கள். கால் சென்டரும் கணக்கில் வரும். முடிந்தால் மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு பெண்ணைத் தனியாகப் பிடித்து, ‘நீ கடைசியா உன் கையால என்னம்மா செஞ்சே?’ என்று விசாரியுங்கள். அவள் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரமே பதில்.

பெண்ணையோ பையனையோ கூட ஒரு கேள்வி கேளுங்கள். ‘அஞ்சு வருஷம் பொறுமையா இருப்பியா?’ இந்தத் துறையில் பி.எஸ்ஸி. என்பது வாசல்படி. எம்.எஸ்ஸி., அதற்கப்புறம் பிஎச்.டி. என்று போனால்தான் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. மூன்றாம் வருஷமே சம்பளம் வேண்டும் என்ற குடும்ப நிலைமை இருந்தால் மெடிக்கல் லேப் டெக்னாலஜியோ நர்ஸிங்கோ கௌரவமான, உடனடியாக வேலை தரும் படிப்புகள். அவற்றை இரண்டாம் தரம் என்று நினைப்பது நம் வரட்டு ஜம்பம்.

கடைசியாக ஒன்று. கல்லூரியில் உங்களை ஏ.ஸி. ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து வீடியோ காட்டுவார்கள். பார்த்துவிட்டு, பாத்ரூம் போகிறேன் என்று நைஸாக எழுந்து லேப் பக்கம் போங்கள். மெஷின்களைப் பார்க்காதீர்கள், வாஷ்பேசினைப் பாருங்கள். ஈரமாக, கறை படிந்து, ஓரத்தில் கழுவி வைத்த கண்ணாடிக் குடுவைகளோடு இருந்தால் தைரியமாக ஃபீஸ் கட்டுங்கள்.

காய்ந்து கிடந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேருங்கள்.